டூல் எங்க இறங்குது, எப்படி தாண்டுது? மெஷின் ஷாப் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்தி வருது. டூல் மெட்டலை வெட்டிக்கிட்டு இருக்கும்போது யாருக்கும் பெரிய தொந்தரவு இல்ல, உள்ள இறங்கும்போதும் வெளிய வரும்போதும் ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு தாண்டும்போதும்தான் உடையுது, இடிக்குது, கோடு விழுது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதுறேன். ஸ்பீடு (டூல் சுத்துற வேகம்), ஃபீடு (டூல் நகர்ற வேகம்) பத்தி எல்லாரும் மணிக்கணக்கா பேசுறாங்க, என்ட்ரி (டூல் இறங்குற விதம்), லிங்கிங் (ஒரு வெட்டுல இருந்து இன்னொண்ணுக்கு தாண்டுற விதம்) டேப்பை மட்டும் யாரும் தொறந்தே பாக்குறதில்ல, டூல் போற பாதையை போடுற கேம் சாஃப்ட்வேர் என்ன போட்டு குடுத்துச்சோ அப்படியே விட்டுடுறாங்க. எனக்கு இதுல ரொம்ப நாளா மனக்கஷ்டம் உண்டு.

அண்ணே வணக்கம். துவாஸ்ல மோல்ட் பார்ட்ஸ் பண்ற சின்ன கம்பெனில புரோகிராம் போடுறேன். பி20 ஸ்டீல், 12 எம்எம் கார்பைடு எண்ட்மில், மாஸ்டர்கேம் சாஃப்ட்வேர்ல ஹெலிக்ஸ் என்ட்ரி (சுத்திக்கிட்டே சாய்வா இறங்குறது), 2 டிகிரிதான் குடுத்திருக்கேன். பெரிய பாக்கெட் (குழி) எல்லாம் நல்லா ஓடுது, 16 எம்எம் அகலத்துல ஒரு பாக்கெட் இருக்கு, அங்க மட்டும் இறங்கின உடனே டூல் போயிடுது. கட்டர் மட்டம்னு சொன்னா பாஸ் நம்ப மாட்டேங்குறாரு, டூல் காசை சம்பளத்துல புடிப்பேங்குறாரு. என்ன பண்றது?
(புரோகிராமர், துவாஸ்)

தம்பி, கட்டரை குத்தம் சொல்லாதீங்க. அதே டூல் பெரிய பாக்கெட்ல நல்லா ஓடுதுல்ல, அப்ப டூல் நல்ல டூல்தான். நீங்க ஹெலிக்ஸ்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, அந்த சின்ன பாக்கெட்ல டூல் அனேகமா நேரா குத்திக்கிட்டுத்தான் இறங்குது.

கணக்கு போட்டு பாருங்க. அகலம் 16. ஃபினிஷிங்குக்கு சுவத்துல பக்கத்துக்கு 0.3 விட்டீங்கன்னா மிச்சம் 15.4. அதுக்குள்ள 12 எம்எம் டூல் நிக்குது, அப்ப டூலோட சென்டர் சுத்தறதுக்கு கெடைக்கிற வட்டம் 3.4 எம்எம் விட்டம்தான். ஹெலிக்ஸ் செட்டிங் பக்கத்துல மினிமம் ரேடியஸை டூல் விட்டத்துல 50 சதவீதம்னு விட்டிருந்தீங்கன்னா அது 6 எம்எம் ரேடியஸ், அதாவது 12 எம்எம் விட்டம் வேணும்னு கேக்குது. 3.4-க்குள்ள 12 எப்படி போகும்? போகாது. போகலன்னா என்ன பண்றதுன்னு அதே பக்கத்துல கீழ ஒரு எடம் இருக்கும், பிளஞ்ச் இல்லன்னா ஸ்கிப். அது பிளஞ்ச்ல இருந்தா சாஃப்ட்வேர் உங்களை எதுவும் கேக்காது, நேரா குத்திடும். மொதல்ல அதை ஸ்கிப்புக்கு மாத்துங்க. அப்ப அந்த பாக்கெட்டுக்கு டூல்பாத் வராம போகும், வரலன்னா உங்க கண்ணுக்கு தெரியும், தெரிஞ்சா யோசிப்பீங்க. சத்தமில்லாம குத்துறதை விட இது எவ்வளவோ மேல்.

சரி, மினிமம் ரேடியஸை கொறைச்சு அந்த 3.4-லயே சுத்த விடலாமேன்னு கேப்பீங்க. விடலாம், ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. 2 டிகிரில ஒரு சுத்துக்கு 0.37 எம்எம்தான் இறங்கும், அது பரவால்ல. அடுத்தது ஃபீடு, இதுதான் ஆளை கொல்றது. நீங்க எழுதுற ஃபீடு டூலோட சென்டருக்கு. உள்வட்டத்துல சுத்தும்போது வெட்டுற ஓரம் சென்டரை விட வேகமா போகும், எவ்வளவுன்னா ஓட்டை விட்டத்தை சென்டர் வட்டத்தால வகுத்தா வர அளவு. 15.4-ஐ 3.4-ஆல வகுங்க, நாலரை மடங்கு. நீங்க 600-னு எழுதியிருந்தா ஓரம் 2700 கிட்ட ஓடிக்கிட்டு இருக்கு. சில சாஃப்ட்வேர் போஸ்ட் (பாதையை மெஷினுக்கு புரியற ஜி கோடா மாத்துறது) இதை பாத்து கொறைக்கும், பல எடத்துல கொறைக்காது, நீங்கதான் ராம்ப் (சாய்வா இறங்குற) ஃபீடை தனியா கொறைக்கணும்.

நான் உங்க எடத்துல இருந்தா அந்த பாக்கெட்டுக்கு 8 எம்எம் டூல் போடுவேன். சென்டர் வட்டம் 7.4 ஆயிடும், ஓர வேகம் ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல அவ்வளவுதான், ஒரு சுத்துக்கு 0.8 எம்எம் இறங்கும். இதுல ஒரு எல்லை இருக்கு, சென்டர் வட்டத்தோட விட்டம் டூல் விட்டத்தை தாண்டக்கூடாது. தாண்டினா நடுவுல வெட்டாத தூண் ஒண்ணு நிக்கும். 7.4-ன்றது 8-க்கு உள்ள இருக்கு, சரி. இன்சர்ட் கட்டர்னா (முனையை கழட்டி மாத்துற கட்டர்) நடுவுல வெட்டுற முனையே இருக்காது, அதுக்கு எவ்வளவு டிகிரி வரைக்கும் இறங்கலாம், ஓட்டை எந்த சைஸ்ல இருந்து எந்த சைஸ் வரைக்கும்னு கேட்டலாக்ல போட்டிருப்பான், அதை பாக்காம ஹெலிக்ஸ் போடவே போடாதீங்க.

இன்னொரு வழி, முன்னாடியே 14 எம்எம் டிரில் போட்டு அந்த ஓட்டைக்குள்ள 12 எம்எம் டூலை இறக்கறது. நல்ல வழிதான், ஆனா டிரில்லோட முனை கூம்புங்கிறதை பல பேர் மறந்துடுறாங்க. 118 டிகிரி முனைன்னா 14 எம்எம் டிரில்லுக்கு கூம்பு மட்டும் 4.2 எம்எம் ஆழம். கூம்பு முனை பாக்கெட் அடியை தாண்டக்கூடாதுன்னு நிறுத்துவீங்க, அப்ப கடைசி 3.6 எம்எம்ல 12 எம்எம் டூலோட ஓரம் கூம்புல போய் ஒக்காரும். ஓட்டை இருக்குன்னு நம்பி வேகமா இறக்கினீங்கன்னா அங்கதான் டக்குனு சத்தம் கேக்கும். அந்த உயரத்துக்கு முன்னாடியே ராப்பிட்டை (வெட்டாம முழு வேகத்துல நகர்றது) நிறுத்தி மிச்சத்தை ராம்ப்ல இறக்குங்க.

பெரிய பாக்கெட் பத்தியும் ஒண்ணு. ஹெலிக்ஸ் எந்த உயரத்துல இருந்து சுத்த ஆரம்பிக்குதுன்னு பாருங்க. 10 எம்எம் சென்டர் வட்டம், 2 டிகிரி, ஒரு சுத்துக்கு 1.1 எம்எம் இறங்கும். 5 எம்எம் மேல இருந்து ஆரம்பிச்சா நாலரை சுத்து வெறும் காத்துல, 600 ஃபீடுல அது 14 செகண்டு. 1 எம்எம்க்கு கொறைச்சா 3 செகண்டு கூட ஆகாது. 40 பாக்கெட் இருக்க பிளேட்டுல இது ஒண்ணுலயே 7 நிமிஷம் மிச்சம். ஸ்டாக் (வெட்டப்போற பிளாக்) மேல்பரப்பு சமமா ஃபேஸ் பண்ணியிருந்தாதான் இந்த 1 எம்எம், அறுத்த பிளாக்கை அப்படியே வெச்சிருந்தா 3-க்கு கீழ வராதீங்க.

சம்பளத்துல புடிக்கிற விஷயம். சிங்கப்பூர் வேலை நியமன சட்டத்துல சேதத்துக்கு காசு புடிக்கணும்னா மொதல்ல உங்க பக்கத்து வெளக்கத்தை கேக்கணும், உங்க தப்புன்னு உறுதியாகணும், அப்பவும் ஒரு மாச சம்பளத்துல 25 சதவீதத்துக்கு மேல புடிக்கக்கூடாது, ஒரே தடவைதான் புடிக்கலாம். ஒர்க் பெர்மிட்ல இருந்தாலும் இது பொருந்தும். சந்தேகம் இருந்தா மனிதவள அமைச்சுல கேளுங்க, கூச்சப்படாதீங்க. அதோட இந்த கணக்கையும் ஒரு பேப்பர்ல எழுதி பாஸ்கிட்ட காட்டுங்க, நல்ல ஆளா இருந்தா புரிஞ்சுக்குவாரு.

அண்ணா, நான் உட்லண்ட்ஸ்ல செமிகண்டக்டர் மெஷினுக்கு அலுமினியம் பார்ட்ஸ் பண்ற எடத்துல இருக்கேன். 6061 ரகம். சுவர் ஃபினிஷிங் பளபளன்னு வருது, ஆனா டூல் உள்ள வந்த எடத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு. நகத்துல தட்டுப்படுது. கியூசி (தரம் பாக்குறவங்க) திருப்பி அனுப்புறாங்க. ஃபீடு கொறைச்சு பாத்தேன், இன்னும் மோசமாச்சு.
(மெஷினிஸ்ட், உட்லண்ட்ஸ்)

தங்கச்சி, ஃபீடு கொறைச்சா மோசமாகும்தான், ஏன்னா அந்த எடத்துல டூல் இன்னும் அதிக நேரம் நிக்குது. வெட்டும்போது டூல் சுவத்துல இருந்து தள்ளிப்போய் ஒரு மயிரிழை வளைஞ்சிருக்கும். சுவத்துல நேரா வந்து முட்டி, அங்க திரும்பி ஓட ஆரம்பிச்சா, திரும்புற அந்த நொடில மெஷின் வேகம் கொறையுது, சுமையும் கொறையுது, வளைஞ்ச டூல் நிமிருது, நிமிர்ந்தா சுவத்தை கூட கொஞ்சம் தோண்டுது. அந்த பள்ளம்தான் உங்க நகத்துல தட்டுப்படுறது.

லீட்-இன்னை (டூல் சுவத்துக்கு வந்து சேர்ற பாதை) சுவத்தை தொட்டுக்கிட்டு சேர்ற ஆர்க்கா மாத்துங்க. பிஐஇ விரைவுச்சாலைல சிலிப் ரோட்டுல இருந்து வண்டி எப்படி மெதுவா சாய்ஞ்சு சேருதோ அப்படி சேரணும், சந்துல இருந்து குறுக்க வந்து முட்டுற மாதிரி இருக்கக்கூடாது. எடம் இருந்தா ஆர்க் ரேடியஸ் டூல் விட்டத்துல பாதியாவது குடுங்க, 90 டிகிரி சுத்து. வெளிய வரதுக்கும் அதே மாதிரி ஆர்க். லீட்-அவுட்டை மறந்துட்டு சுவத்தை ஒட்டியே டூலை மேல தூக்குறவங்க நிறைய, அதுவும் செங்குத்தா ஒரு கீறல் போடும். அப்புறம் ஓவர்லேப், ஆரம்பிச்ச எடத்தை தாண்டி இன்னொரு 1 எம்எம் ஓடிட்டு வெளிய வாங்க. ஆரம்பமும் முடிவும் ஒரே புள்ளில இருந்தா எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் அந்த எடம் தெரியும்.

எங்க உள்ள வரணும்னும் நீங்கதான் சொல்லணும். சொல்லலன்னா சாஃப்ட்வேர் தனக்கு தோணின எடத்துல இறங்கும், சில நேரம் சீல் ஒக்கார்ற மொகத்துலயே போய் இறங்கும். டிராயிங்கை எடுத்து எந்த பக்கம் முக்கியமில்லாத பக்கம்னு பாருங்க, அங்க நீளமா நேரா இருக்க சுவத்துல நடுவுல என்ட்ரி புள்ளியை வையுங்க. உள் மூலைல மட்டும் வெக்காதீங்க, மூலைல டூலை மூணு பக்கமும் மெட்டல் புடிச்சுக்கும். ஆழத்தை நாலஞ்சு லெவலா பிரிச்சு ஃபினிஷ் பண்றீங்கன்னா எல்லா லெவலும் ஒரே எடத்துல உள்ள வரும், அதனாலதான் மேல இருந்து கீழ வரைக்கும் கோடு. டூல் நீளம் விட்டா கடைசி பாஸ் (ஒரு வெட்டு ஓட்டம்) ஒண்ணை முழு ஆழத்துல 0.1 எம்எம் மட்டும் எடுத்து ஓட்டுங்க.

ஓட்டைக்குள்ள ஃபினிஷ் பண்ணும்போது எடம் கெடைக்காது. 20 எம்எம் ஓட்டை, 12 எம்எம் டூல், சென்டர் சுத்துற வட்டத்தோட ரேடியஸ் 4 எம்எம்தான். அங்க 6 எம்எம் ரேடியஸ் லீட்-இன் கேட்டா சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? சிலது சுருக்கிக்கும், சிலது லீட்டையே தூக்கிப்போட்டு நேரா முட்டும். ஃபியூஷன் சாஃப்ட்வேர்ல லிங்கிங் ஒத்து வராததால சில பாஸை விட்டுட்டேன்னு மஞ்சள் எச்சரிக்கை வரும், அதை படிக்காம கடந்து போறவங்கதான் அதிகம். 2 எம்எம் ரேடியஸ் குடுங்க, 180 டிகிரி சுத்து, சரியா ஓட்டையோட நடுவுல இருந்து கெளம்பி சுவத்தை தொடும். 10 எம்எம் டூல் போட்டீங்கன்னா இன்னும் தாராளம்.

சிமுலேஷன்ல எல்லாம் பச்சை. மெஷின்ல போட்டா கிளாம்ப்ல போய் இடிக்குது! நைட் ஷிஃப்ட்ல நான் தனியா இருந்தேன், ஸ்பிண்டில் கிட்ட வந்த சத்தத்துல நடுங்கிப்போயிட்டேன். ஸ்கிரீன்ல கோடு கிளாம்ப் பக்கமே போகல அண்ணே, சத்தியமா.
(செட்டர், புக்கிட் பாத்தோக்)

நம்புறேன் தம்பி. உங்களுக்கு அடிபடலல்ல, அதான் மொதல்ல. இது சிமுலேஷனுக்கும் மெஷினுக்கும் நடுவுல இருக்க பழைய பிரச்சனை, ஒவ்வொரு புது செட்டருக்கும் யாராவது இதை மொத நாளே சொல்லிக்குடுத்திருக்கணும், பல கம்பெனில யாரும் சொல்றதில்ல.

ஸ்கிரீன்ல ஜி0 (ராப்பிட் நகர்வு) நேர்கோடு. மெஷின்ல ஜி0 நேர்கோடா போகணும்னு கட்டாயம் இல்ல. ஃபானுக் மாதிரி கண்ட்ரோலர்ல ஒவ்வொரு அச்சும் தனித்தனியா முழு வேகத்துல ஓடி, எது மொதல்ல சேருதோ அது நின்னுடும், மிச்சம் இருக்க அச்சு மட்டும் தொடர்ந்து போகும். எக்ஸ் 300, ஒய் 60 போகணும், ரெண்டுக்கும் ஒரே ராப்பிட் வேகம்னு வெச்சுக்கோங்க. மொதல் 60 எம்எம் ரெண்டும் சேர்ந்து 45 டிகிரில போகும், அதோட ஒய் முடிஞ்சது, மிச்சம் 240 எக்ஸ் மட்டும். ஸ்கிரீன்ல எக்ஸ் 60-ல இருக்கும்போது ஒய் 12-ல இருக்கும், மெஷின்ல அதே நேரம் ஒய் 60-க்கே போயிடுச்சு. 48 எம்எம் வித்தியாசம். உங்க கிளாம்ப் அந்த 48-க்குள்ள நின்னுருக்கும்.

ஃபானுக்ல 1401-ஆம் பாராமீட்டர்ல 1-ஆம் பிட்டை ஆன் பண்ணா ஜி0 நேர்கோட்டுல போகும். நீங்களா போய் மாத்தாதீங்க, மெயின்டெனன்ஸ் ஆளை கேளுங்க, அது இப்ப என்னவா இருக்குன்னாவது தெரிஞ்சுக்கோங்க. பாராமீட்டரை தொட முடியாத எடத்துல கேம் பக்கத்துல செய்யலாம். ஃபியூஷன்ல லிங்கிங்ல ஹை ஃபீடுரேட்னு ஒரு செட்டிங் இருக்கு, ஒரே அச்சு நகரும்போது மட்டும் ராப்பிட்டா விட்டு, ரெண்டு மூணு அச்சு சேர்ந்து நகர்ற எடத்துல ஜி1-ஆ (ஃபீடுல போற நகர்வு) மாத்தி வேகமான ஃபீடு போட சொல்லலாம். ஜி1 கண்டிப்பா நேர்கோடு. கொஞ்சம் நேரம் கூடும், கூடட்டும்.

ரிட்ராக்ஷன் பாலிசியையும் தொறந்து பாருங்க. முழுசா தூக்குறது, கொஞ்சமா தூக்குறது, குறுக்கு வழின்னு மூணு இருக்கும். குறுக்கு வழில டூல் சாய்வா பறக்கும், ராப்பிட் நேர்கோட்டுல போகாத மெஷின்ல அதை தொடவே தொடாதீங்க. கொஞ்சமா தூக்குறதும் பார்ட்டை மட்டும் பாத்துத்தான் தூக்கும், உங்க கிளாம்ப் இருக்கிறது அதுக்கு தெரியாது. கிளாம்ப், வைஸ் எல்லாத்தையும் மாடலா உள்ள கொண்டுவந்து செட்டப்ல ஃபிக்ஸ்சர்னு காட்டுங்க, அப்பதான் சிமுலேஷன் செவப்பு காட்டும். அந்த அளவுக்கு மாடல் போட நேரம் இல்ல, ஒரே ஒரு பீஸ்தான்னா, ஸ்டாக்குக்கு மேல கிளாம்ப் போல்ட் எவ்வளவு உயரம் நிக்குதுன்னு ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க. 25 எம்எம் நிக்குதுன்னா கிளியரன்ஸ், ரிட்ராக்ட் (டூலை தூக்கி தாண்டுற உயரங்கள்) ரெண்டும் 35-ஆவது இருக்கணும், டிஃபால்ட்ல வர 5-ம் 10-ம் வெறும் வைஸ்க்கு சரி, டாப் கிளாம்புக்கு சரிவராது. மாஸ்டர்கேம்ல கிளியரன்ஸை ஆபரேஷனோட ஆரம்பத்துலயும் முடிவுலயும் மட்டும் பயன்படுத்துன்னு ஒரு டிக் இருக்கும், அதை போட்டிருந்தா நடுவுல தாண்டுறதெல்லாம் ரிட்ராக்ட் உயரத்துலதான், கிளியரன்ஸ் எவ்வளவு பெருசா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

புது புரோகிராமை தனியா இருக்கும்போது மொத தடவை ஓட்டவேண்டியிருந்தா சிங்கிள் பிளாக் (வரி வரியா ஓட்டுறது), ராப்பிட் 25 சதவீதம், கை ஃபீடு ஹோல்டு (நகர்வை நிறுத்துற) பட்டன்ல. டெலிவரி நாளைக்கு காலைலன்னு சூப்பர்வைசர் சொன்னாலும் சரி.

நான் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கழகம்) மாணவன். எந்த கேம் சாஃப்ட்வேர் கத்துக்கிட்டா வேலை கெடைக்கும்?
(அங் மோ கியோ)

உங்க பள்ளில எது இருக்கோ அது. மாணவர்களுக்கு ஃபியூஷன் கல்வி லைசென்ஸ் இலவசம், வீட்டுலயும் போட்டு பழகுங்க. பட்டன் பேரு மாறும், ஆனா ராம்ப், ஹெலிக்ஸ், லீட், ரிட்ராக்ட், ஃபீடு ஹைட் எல்லாம் எங்க போனாலும் இருக்கும். ஒரு பாக்கெட்டை எடுத்து அஞ்சு விதமா என்ட்ரி மாத்தி போஸ்ட் பண்ணி, ஜி கோடை வரி வரியா படிங்க. அப்பா அம்மா யாராவது 40 வயசு ஆகி இந்த துறைல இருந்தாங்கன்னா 2024 மே மாசத்துல இருந்து கெடைக்கிற 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை பத்தி சொல்லுங்க, முழு கோர்ஸுக்கு உதவும்.

அடாப்டிவ் டூல்பாத் போட்டா டூல் சும்மா மேல கீழ மேல கீழன்னு போய்க்கிட்டே இருக்கு. பாதி நேரம் காத்துலயே ஓடுது. இதுக்கு பழைய பாக்கெட்டே தேவலாம் போல.
(காக்கி புக்கிட் வாசகர்)

பழசுக்கு போகாதீங்க, அடாப்டிவ் மேல தப்பில்ல. அது டூல் மேல விழற சுமையை ஒரே அளவுல வெச்சுக்க ஒவ்வொரு வெட்டுக்கும் ஆரம்பத்துக்கு திரும்பி வருது, திரும்பி வரும்போது தூக்கணுமா கீழயே நகரணுமான்னு நீங்கதான் சொல்லணும். டூலை கீழயே வெச்சுக்கன்னு ஒரு டிக், அதுக்கு எவ்வளவு தூரம் வரைக்கும்னு ஒரு எண். தூரத்தை பாக்கெட்டோட நீளத்துக்கு கிட்ட குடுத்து பாருங்க, மேல போறது பாதிக்கு மேல கொறையும். திரும்பி வரும்போது அடிப்பரப்பை தேய்ச்சுக்கிட்டு வரக்கூடாது, அதுக்கு லிஃப்ட் 0.2 எம்எம் குடுங்க, மாஸ்டர்கேம் டைனமிக்ல இதுக்கு மைக்ரோ லிஃப்ட்னு பேரு, திரும்புற வேகமும் தனியா குடுக்கலாம். அதை வெட்டுற ஃபீடை விட ரெண்டு மூணு மடங்கு வெக்கலாம், வெட்டலயே அப்ப.

எல்லா எடத்துலயும் கீழயே வெச்சுக்கறதும் சரியில்ல. ஆழமான பாக்கெட், சிப் வெளிய போக வழி இல்ல, கூலண்ட் பிரஷர் கம்மின்னா டூல் தன்னோட சிப்பையே திரும்ப திரும்ப மெல்லும், அலுமினியம்னா முனைல ஒட்டிக்கும். அங்க அப்பப்ப தூக்குறது நல்லது, காத்து அடிக்க நேரம் கெடைக்கும்.

நேரம் உண்மைல எங்க போகுதுன்னா பல தடவை மேல போறதுல இல்ல, கீழ வரதுல. 40 எம்எம் ஆழம், ஃபீடு ஹைட் ஸ்டாக்குக்கு 5 எம்எம் மேலன்னு நிலையா வெச்சிருக்கீங்கன்னு எடுத்துக்கோங்க. 5 எம்எம் வரைக்கும் ராப்பிட்ல பறந்து வந்து, அங்க இருந்து அடி வரைக்கும் 45 எம்எம் பிளஞ்ச் ஃபீடுல நகரும். பிளஞ்ச் ஃபீடு 200-ன்னா ஒவ்வொரு தடவையும் பதிமூணரை செகண்டு, எல்லாம் ஏற்கெனவே வெட்டி காலியா இருக்க எடத்துல. அந்த உயரத்தை வெட்டுற ஆழத்துல இருந்து 2 எம்எம் மேலன்னு கணக்கு வெச்சா முக்கால் செகண்டு கூட ஆகாது. சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் எதுல இருந்து அளக்குதுன்னு மாறும், அதனால மாத்தினப்புறம் சிமுலேஷன்ல ராப்பிட் கலர் கோடு வெட்டாத மெட்டலுக்குள்ள போகலன்னு உறுதி பண்ணிட்டுதான் மெஷினுக்கு அனுப்பணும்.

எச்டிபி வீட்டுல சின்ன டெஸ்க்டாப் ராவுட்டர் (வெட்டி செதுக்குற மெஷின்) வெச்சிருக்கேன், ஃபியூஷன் தனிநபர் லைசென்ஸ். ஜி0-வே வரமாட்டேங்குது, எல்லாம் ஜி1. போஸ்ட் கெட்டுப்போச்சா?
(பொங்கோல் வாசகர்)

போஸ்ட் நல்லாத்தான் இருக்கு. 2020 அக்டோபர்ல இருந்து இலவச தனிநபர் லைசென்ஸ்ல ராப்பிட் நகர்வை எடுத்துட்டாங்க, எல்லாம் ஃபீடுலதான் போகும். காசு கட்டினா வரும். கட்டலன்னா தாண்டுற தூரத்தை கொறைங்க, ரிட்ராக்ட் 2 எம்எம், டூலை கீழயே வெச்சுக்கறதை ஆன் பண்ணுங்க, பக்கத்துல பக்கத்துல இருக்கிறதை வரிசையா வெட்டுற மாதிரி தேர்ந்தெடுங்க. உங்க மெஷின்ல மரமும் அக்ரிலிக்கும்தான் வெட்டுவீங்கன்னா நேர இழப்பு பெருசா தெரியாது. ராத்திரி 10 மணிக்கு மேல ஓட்டாதீங்க, கீழ் வீட்டுல கொழந்தை தூங்கும்.

ஃபினிஷ் பாஸுக்கு ஜி41 (டூல் ரேடியஸ் அளவுக்கு பாதையை மெஷினே தள்ளிக்கிற கட்டளை) போட்டா ஃபானுக்ல 034 அலாரம். கம்ப்யூட்டர் காம்பென்சேஷன்னு (கேம் சாஃப்ட்வேரே தள்ளிக்கிறது) மாத்தினா ஓடுது, ஆனா அப்ப ஆபரேட்டர் சைஸ் அட்ஜஸ்ட் பண்ண முடியல.
(லோயாங் வாசகர்)

034-ன்னா ஜி41-ஐயோ ஜி40-ஐயோ (ஜி41-ஐ நிறுத்துற கட்டளை) ஆர்க் நகரும்போது போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். கண்ட்ரோலருக்கு ஆஃப்செட்டை ஏத்தவும் எறக்கவும் ஒரு நேர்கோடு வேணும். லீட்-இன்ல ஆர்க் மட்டும் குடுத்து நேர்கோட்டு நீளத்தை பூஜ்யமா விட்டிருப்பீங்க. மொதல்ல நேர்கோடு, அதுல ஜி41, அப்புறம் ஆர்க், அப்புறம் சுவர், வெளிய ஆர்க், கடைசி நேர்கோட்டுல ஜி40. இந்த வரிசை மாறக்கூடாது.

நேர்கோடு எவ்வளவு நீளம்? கண்ட்ரோல் முறைல டி ஆஃப்செட்ல (மெஷின்ல ஆபரேட்டர் அடிக்கிற தள்ளுற அளவு) டூலோட முழு ரேடியஸ் இருக்கும், 12 எம்எம் டூலுக்கு 6, நேர்கோடு 6-ஐ விட நீளமா இருக்கணும், உள் ஆர்க் ரேடியஸும் 6-ஐ விட பெருசா இருக்கணும், இல்லன்னா அடுத்து 041 அலாரம் வரும். வேர் (தேய்மான) முறைல கேம் டூலோட சென்டர் பாதையையே குடுத்துடும், டி-ல 0.01, 0.02-ன்னு தேய்மானம் மட்டும்தான், அதனால 1 எம்எம் நேர்கோடே போதும், சின்ன ஓட்டைக்குள்ளயும் லீட் புடிக்கும். நான் வேர் முறையைத்தான் சொல்லுவேன். ஆனா ஷாப்ல எல்லாரும் ஒரே முறைல இருக்கணும். ஒரு புரோகிராமர் வேர், இன்னொருத்தர் கண்ட்ரோல்னு இருந்து, ஆபரேட்டர் பழக்கத்துல டி-ல 6-ன்னு அடிச்சா, வேர்ல போட்ட பாதை 6 எம்எம் தள்ளிப்போய் பார்ட்டு குப்பைக்கு. செட்டப் ஷீட்ல மேலயே பெருசா எழுதி வையுங்க.

இன்னொண்ணு, ஜி41 போட்டப்புறம் எக்ஸ் ஒய் நகராம இசட் மட்டும், எம் கோடு மட்டும்னு அடுத்தடுத்து ரெண்டு வரி வந்தா பழைய கண்ட்ரோலர் முன்னாடி பாக்க முடியாம சுவத்தை தோண்டிடும். இசட்டை முழுசா இறக்கினப்புறம்தான் ஜி41 வரணும்.

304 ஸ்டெயின்லெஸ் பிளேட், 63 எம்எம் ஃபேஸ் மில். பிளேட்டுக்கு உள்ள நுழையற மொத பாஸ்லயே இன்சர்ட் முனை உடையுது. நடுவுல உடையுறதே இல்ல. இன்சர்ட் கிரேடு மாத்தியும் பாத்துட்டேன்.
(மெஷினிஸ்ட், செலேத்தார்)

இதுக்கும் என்ட்ரிதான் காரணம். நேரா பிளேட்டுக்குள்ள நுழைஞ்சீங்கன்னா, கட்டர் முழுசா உள்ள போற வரைக்கும் ஒவ்வொரு முனையும் மெட்டலை விட்டு வெளிய வரும்போது சிப் தடிமனா இருக்கு. முனை வெளிய வர அந்த நொடில தடிமனான சிப் விட்டுப்போகும்போது கார்பைடு முனையை இழுத்து ஒடைக்குது, கார்பைடு அழுத்தத்தை தாங்கும், இழுப்பை தாங்காது. அதனால வளைஞ்சு உள்ள வாங்க, ஸ்பிண்டில் சுத்துற அதே கடிகாரச்சுத்துல ஆர்க் போட்டு பிளேட்டு ஓரத்துக்குள்ள நுழையுங்க, அப்ப ஆரம்பத்துல இருந்தே சிப் உள்ள வரும்போது தடிமனாவும் வெளிய போகும்போது மெல்லிசாவும் இருக்கும். உங்க ஃபேஸிங் ஆபரேஷன்ல ஆர்க் என்ட்ரி இல்லன்னா 2டி கான்டூர்ல ஒரு கோடு வரைஞ்சு லீட்-இன் ஆர்க் குடுத்து ஓட்டுங்க, ஆர்க் ரேடியஸ் கட்டர் விட்டத்துல பாதிக்கு மேல. ஆர்க்குக்கு எடமே இல்ல, பக்கத்துல கிளாம்ப் நிக்குதுன்னா, கட்டர் முழுசா உள்ள போற வரைக்கும் ஃபீடை பாதியாக்குங்க, அதுக்கு லீட்-இன் ஃபீடுன்னு தனியா ஒரு எடம் இருக்கு.

ஒவ்வொரு பாஸுக்கும் வெளிய போய் திரும்ப உள்ள வரதும் அதே அடிதான், எத்தனை பாஸோ அத்தனை அடி. ஓரத்துல இருந்து உள்நோக்கி சுத்திக்கிட்டே போற பாதையா மாத்தி, மூலைல வளைச்சு திருப்புங்க, ஒரே ஒரு தடவைதான் உள்ள நுழையணும். பாஸ் அகலம் 44 எம்எம் கிட்ட வையுங்க, 63-ல அது 70 சதவீதம். பழைய கிரேடு இன்சர்ட்டையே திரும்ப போடுங்க, அதுல குறை இருந்த மாதிரி தெரியல.